டி3500-ஐ மாற்றவா, லென்ஸ் வாங்கவா? காவடி, தீமிதி, காட்டுப் பறவை, நாட்டிய மேடை

வாக்வா_வேலன்:
எல்லோருக்கும் வணக்கம். கையில் இருப்பது நிக்கான் டி3500 கேமரா, கூடவே வந்த ஏஎஃப்-பி 18-55 லென்ஸ். எடுக்க நினைப்பவை நாலு, எல்லாம் இங்கே மொரிஷியஸில்தான்: காத்ர் போர்ன் மலைக்கோயில் தைப்பூசக் காவடி, தீமிதி, பிளாக் ரிவர் காட்டில் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறும் இளஞ்சிவப்புப் புறாவும், அண்ணன் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். கடையில் கேட்டால், கிராப் சென்சாரை, அதாவது டி3500-இல் இருக்கும் சின்ன சென்சாரை, தலைமுழுகிவிட்டு ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாருக்குப் போகச் சொல்கிறார்கள். என் பணத்துக்கு ஒரு நடுத்தர மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) பாடியும் ஒரு சாதாரண லென்ஸும் வரும். அல்லது இருக்கிற பாடிக்கே இரண்டு மூன்று லென்ஸ் வரும். எந்த வழி நல்லது? வீடு வாக்வாவில். மழையும் மூட்டமும் விடாத ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முழுச்சட்டம்:
கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு இசட்6 (நிக்கானின் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்), அதோடு 24-120 எஃப்/4. கதை முடிந்தது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு உங்கள் டிஎக்ஸ் (நிக்கானின் கிராப்) சென்சாரைப்போல 2.25 மடங்கு. அதே எஃப் எண் (லென்ஸ் திறப்பு; எண் சிறுத்தால் திறப்பு பெரிது), அதே ஷட்டர், அதே ஃப்ரேமிங் வைத்தால் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கொஞ்சம் மேலேயே இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் மணல் புள்ளி, குறையும். தீமிதிக்கும் மேடைக்கும் அந்த ஒரு ஸ்டாப் உயிர். டி3500 வந்தது 2018-இல். நிக்கான் இனி அந்த வரிசையில் புதுசு எதுவும் கொண்டுவரப் போவதில்லை. பழைய மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) பணம் போடாதீர்கள்.

பழையகண்ணாடி:
தம்பி வேலன், அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்டாப் வேண்டுமென்றால் பாடியை மாற்றியும் வாங்கலாம், லென்ஸை மாற்றியும் வாங்கலாம். உங்கள் 18-55-ஐ 50-க்குப் பக்கத்தில் வைத்தால் திறப்பு எஃப்/5.6-ஐத் தாண்டாது. அந்த இடத்தில் ஒரு ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி போட்டால் மூன்றே கால் ஸ்டாப் ஒரே அடியில் வருகிறது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 6400-இல் தடுமாறின படம் 640-இல் எடுபடும். எடை 185 கிராம், செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். முழுச்சட்டம் சொல்லும் இசட்6-உம் 24-120-உம் எஃப்/4-இல் நின்றுவிடும். சென்சார் தரும் ஒரு ஸ்டாப்பைச் சேர்த்தாலும் இந்தச் சின்ன லென்ஸுக்கு ஒரு ஸ்டாப்புக்கும் மேல் பின்னால்தான்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். "50 எஃப்/1.8டி" என்ற பழைய லென்ஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கும், மாட்டினால் உட்காரும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நாளைக்கு இசட் பாடி வாங்கி, பழைய மவுண்ட் லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த டி வகைக்கு ஆட்டோ ஃபோகஸ் வராது, ஏனென்றால் அடாப்டருக்குள்ளும் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி இரண்டும் அதில் ஓடும். ஆகவே பழைய மவுண்ட்டில் போடும் பணமெல்லாம் வீண் என்பது சரியில்லை.

காட்டுப்புறா:
நாலு தேவையில் மூன்றுக்குப் பழையகண்ணாடி ஐயா சொல்வதுதான் சரி. பறவை மட்டும் தனிக்கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு பாடியைப் பற்றிப் பேசுவோம்.

கெஸ்ட்ரல் உடம்பு ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேல், 26 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. 300 மி.மீ. லென்ஸில் அது சென்சார்மேல் 3.9 மி.மீ. நீளத்துக்கு விழும். இது எந்த பாடி போட்டாலும் மாறாது. மாறுவது, ஒரு மில்லிமீட்டரில் எத்தனை பிக்சல் என்பதுதான். டி3500-இல் அகலம் 23.5 மி.மீ., பிக்சல் 6000, மில்லிமீட்டருக்கு 255. பறவை ஏறத்தாழ 1000 பிக்சல். இசட்6-இல் மில்லிமீட்டருக்கு 168. அதே பறவை 650 பிக்சல். அதாவது அதே லென்ஸை வைத்துக்கொண்டு ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் பறவை சிறுத்துப்போகும். சரிக்கட்ட 450 மி.மீ. வேண்டும். அங்கேதான் பணமும் எடையும் ஏறும்.

இன்னும் சில சேர்க்கைகள், எல்லாம் அதே 20 மீட்டருக்கு:
கேனான் ஆர்10 + ஆர்எஃப் 100-400: சுமார் 1400 பிக்சல். லென்ஸ் 635 கிராம்.
கேனான் ஆர்7 + அதே லென்ஸ்: சுமார் 1600.
நிக்கான் இசட்50-II + இசட் 180-600: 600-இல் சுமார் 1850. லென்ஸ் மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோ, காலர் சேர்த்தால் 2.1.
டி3500 + ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் (கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி): 1000. லென்ஸ் 415 கிராம்.

பிளாக் ரிவரின் மக்காபே பாதையில் ஏறி இறங்குகிறவர்கள் லென்ஸ் எடையை அலட்சியப்படுத்த வேண்டாம். 2 கிலோ லென்ஸ் கழுத்தில் தொங்கினால் பறவை வரும்போது கை எழும்பாது.

முழுச்சட்டம்:
பிக்சல் கணக்கு சரி. ஒளிக்கணக்கு எங்கே? காட்டுக்குள் ஆர்எஃப் 100-400, 400-இல் எஃப்/8. அது இருட்டு லென்ஸ்.

காட்டுப்புறா:
அதையும் போடுவோம். மேகம் மூடிய நாளில் மரத்தடி வெளிச்சம் ஏறத்தாழ இவி 8 (இவி என்பது வெளிச்ச அளவு). எஃப்/6.3, 1/250 என்றால் ஐ.எஸ்.ஓ. 4000 ஆகும். எஃப்/8 என்றால் 6400. இன்றைக்கு இருக்கும் இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு 6400 கிராப் சென்சார் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) பெரிய சுமையில்லை; ஜேபெக் எடுத்தால் இறகு வரி குழம்பிப்போகும். இளஞ்சிவப்புப் புறா உட்கார்ந்தால் நிதானமாக உட்காரும். விஆரை நம்பி 1/60-க்கு இறங்கினால் எஃப்/6.3-இல் ஐ.எஸ்.ஓ. 1000 போதும். பத்துப் படம் தொடர்ச்சியாக எடுங்கள், அதில் இரண்டு மூன்று கூர்மையாக இருக்கும். கெஸ்ட்ரல் பறந்தால் 1/2000-க்குக் குறையக் கூடாது. அது காட்டுக்குள் நடக்காது, திறந்த பள்ளத்தாக்குக்கு மேலே வானம் பின்னணியாக இருக்கும் இடத்தில்தான். ஃபெர்னே பள்ளத்தாக்கு அதற்கு ஏற்றது.

டி3500-க்கு உண்மையான தடை ஒளியில்லை, ஃபோகஸ். 11 புள்ளி, அதுவும் நடுவில் குவிந்து. நொடிக்கு 5 படம். கிளை நடுவே இருக்கும் பறவையை விட்டுக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) போட்டு, கண்ணுக்கு மேல் வைத்து அழுத்தினால் உட்கார்ந்த பறவைக்கு வேலை நடக்கும். பறக்கும் பறவைக்கு இசட்50-II, ஆர்10, ஆர்7 மாதிரி பறவைக்கண் கண்டுபிடிக்கும் பாடிகளோடு ஒப்பிடவே முடியாது.

ஆர்10 வாங்குகிறவர்கள் கவனிக்க: நொடிக்கு 15 வேகத்தில் முழு ரா எடுத்தால் சுமார் 2 நொடியில் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிறைந்து கேமரா திணறும். சி-ரா (சுருக்கிய ரா) போட்டால் நீண்ட நேரம் ஓடும். ஆர்7-இல் எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டுப் பறவை எடுத்தால் சென்சார் மெதுவாகப் படிப்பதால் இறக்கை வளைந்து விழும், மெக்கானிக்கல் போடுங்கள்.

பழையகண்ணாடி:
» 70-300 விஆர்

இதில் ஒரு கண்ணி. விஆர் இல்லாத 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸும் உண்டு. வெளித்தோற்றம் அச்சு அசல். லென்ஸ்மேல் எங்கேயும் சுவிட்ச் இருக்காது, இரண்டிலும். பெயர்ப்பட்டையில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டி3500 மெனுவில் ஆப்டிகல் விஆர் என்ற வரி விஆர் லென்ஸ் மாட்டினால்தான் பயன்படும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிறிது. விஆர் இல்லாததைக் காட்டுக்கு எடுத்துப்போனால் மேலே அக்கா சொன்ன 1/60 நடக்கவே நடக்காது.

வாக்வா_வேலன்:
பறவைக்கணக்கு அருமை, அக்கா. காவடிக்கு வருவோம். வெயில் நேரம் முகமெல்லாம் கறுப்பாகவும் காவடிப் பூ வெளுத்தும் வருகிறதே, இதற்கு ஃபிளாஷ் வாங்கினால் தீருமா?

பழையகண்ணாடி:
மொரிஷியஸ் தெற்கு அட்சரேகை 20-இல் இருக்கிறது. தைப்பூசம் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் வருகிறது. அப்போது சூரியன் நமக்கு நேர் உச்சியை ஒட்டிப் போகிறது. நண்பகல் கடிகாரத்தில் 12.20 அளவில். காவடி வளைவு தலைக்கு மேல், சூரியன் அதற்கும் மேல். கண்குழியில் ஒளி விழ வழியே இல்லை. ஊர்வலம் காலையில் ஆற்றங்கரையிலிருந்து புறப்படும்போது எடுங்கள். 9 மணிக்குள் சூரியன் பக்கவாட்டில் இருக்கும், காவடியின் பூ வரிசைக்கும் அது நல்லது.

நேரம் தவறினால் ஃபிளாஷ் கணக்கு இப்படி. நேர் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 என்றால் எஃப்/11 வேண்டும். டி3500-க்கு ஃபிளாஷ் ஒத்திசைவு 1/200-ஐத் தாண்டாது, அதைவிட வேகமான ஷட்டரில் ஃபிளாஷ் அடிக்கவிடும் ஹை ஸ்பீட் சிங்க்கும் இல்லை. உள்ளே இருக்கும் ஃபிளாஷின் கைடு நம்பர் ஏறத்தாழ 7. அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம் மீட்டரில் வரும்: 7-ஐ 11-ஆல் வகுத்தால் 60 சென்டிமீட்டர் சொச்சம். நிழல் நிரப்ப மட்டும் என்று பாதிக்கும் குறைவாக அடித்தாலும் ஒரு மீட்டர். வேல் குத்திய முகத்துக்கு ஒரு மீட்டரில் போய் நிற்பது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

வெளி ஃபிளாஷ் வாங்கலாம், ஆனால் டி3500-இன் ஹாட் ஷூவில் நடுப்புள்ளி கிடையாது. மலிவான மேனுவல் ஃபிளாஷ், மலிவான டிரிகர் எதுவும் அடிக்காது. நிக்கான் டிடிஎல் (கேமராவே ஒளி அளவைக் கணக்கிடும் முறை) பேசும் ஃபிளாஷ்தான் வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு ஃபிளாஷ் பழுது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறைய.

பணம் செலவில்லாத வழி: கூட்டத்தோடு நடக்காமல், வெள்ளைச் சுவரோ வெளிறிய சிமெண்ட் தரையோ இருக்கும் திருப்பத்தில் நில்லுங்கள். தரையிலிருந்து எழும் ஒளியே கீழிருந்து முகத்தை நிரப்பும். தார்ச்சாலை கறுப்பு, அது எதையும் திருப்பித் தராது. ரா எடுங்கள், மஞ்சள் வேட்டியும் பூவும் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, பிறகு நிழலைத் தூக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 100-இல் இந்த சென்சார் இரண்டு ஸ்டாப் வரை தாராளமாகத் தூக்கவிடும்.

லென்ஸுக்கு 18-55 போதும். உண்மையில் அதுதான் சரி. அன்றைக்குக் கழற்றி மாட்டும் வேலையே வேண்டாம். காற்றில் விபூதி, கற்பூரப்புகை, தெறிக்கும் மஞ்சள் தண்ணீர், செம்பிலிருந்து வழியும் பால். விபூதி மாவுபோல மெல்லிசு. பாடியைத் திறந்த நேரத்தில் உள்ளே போனால் எஃப்/11-இல் வானம் முழுக்கப் புள்ளி. ஜூம் வளையத்தின் இடுக்கிலும் புகுந்து நறநற என்று உராயும். பால் தெறித்தால் உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

முழுச்சட்டம்:
காவடிக்குக் கிட் லென்ஸ் (கூட வந்த 18-55) போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நேர் வெயிலில் எஃப்/2.8 லென்ஸ் வைத்திருந்தாலும் 1/3200 போய்த்தான் நிற்கும். ஆனால் தீமிதி? மாலை மங்கின பிறகு நடக்கும் இடங்களில் கிட் லென்ஸ் செத்துப்போகும்.

பழையகண்ணாடி:
தீமிதியில் வெளிச்சத்தைவிடப் பெரிய சிக்கல் காற்று. குழிமேல் சூடான காற்று அலைபாயும். அதன் ஊடாக எடுத்தால் எந்த லென்ஸும் கூர்மை தராது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் எழுத்துபோல நெளியும். நீளவாக்கில் நின்று 200, 300-இல் இழுத்து எடுக்கிறவர்கள் முழுக்குழியின் வெப்பக்காற்றையும் ஊடுருவி எடுக்கிறார்கள். அதனால்தான் படம் மசமசவென்று வருகிறது. லென்ஸ்மேல் பழி போடுவார்கள்.

இரண்டு வழி. ஒன்று, இறங்கும் முனைக்குப் பக்கத்தில், பால்குழிக்கு அருகே ஒதுங்கி நின்று, பக்தர் கடைசி இரண்டு எட்டு வைக்கும்போது 50-ஆல் எடுப்பது. இடையில் வெப்பக்காற்று மிகக் கொஞ்சம். இரண்டு, பக்கவாட்டில், கொஞ்சம் உயரமான திண்ணையிலிருந்து. 1/500, எஃப்/2.2, ஐ.எஸ்.ஓ. 1600-இலிருந்து தொடங்குங்கள். கங்கு பிரகாசமாக இருப்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து ஆளை இருட்டாக்கும்; மேனுவல் வைத்து, கால் படும்போது தூவும் பொறி மட்டும் வெளுத்தால் போதும் என்று விடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கங்கின் செம்மையை நீலம் போட்டுத் தின்றுவிடும். 5000 கெல்வினில் நிறுத்துங்கள்.

நிற்கும் இடத்துக்குக் கோயில் நிர்வாகத்திடம் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பக்தர் வேகமாக வெளியே வருவார். வழியை மறிக்கும் முக்காலியோடு அங்கே யாரும் நிற்கக் கூடாது.

அரங்க_ஒளி:
நாட்டியத்துக்கு நான் சொல்கிறேன். 50 எஃப்/1.8 டிஎக்ஸ் பாடியில் 75 மாதிரி நடக்கும். நாலாவது ஐந்தாவது வரிசையிலிருந்து முழு உருவம் கிடைக்கும். மேடை ஓரத்தில் நிற்க அனுமதி கிடைத்தால் 35 எஃப்/1.8ஜி டிஎக்ஸ் இன்னும் வசதி. பின்வரிசை என்றால் இரண்டும் உதவாது, 70-300-உம் இருட்டில் உதவாது. எனவே லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டு வையுங்கள்.

ஷட்டர்: அரைமண்டியில் நிற்கும் அடவு, முத்திரை, அபிநயம் 1/250. ஜதிக்குக் காலும் சலங்கையும் உறைய வேண்டுமென்றால் 1/500. அலாரிப்பில் அடவு முடியும் தாளத்தில் ஒரு கணம் உடம்பு நிற்கும். தாளம் தெரிந்தவருக்கு 1/160 கூடப் போதும். நொடிக்கு 5 படம் குறைவு என்ற கவலை இங்கே வேண்டாம்.

இப்போது விளக்கு. மின்சாரம் இங்கே 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய குழல்விளக்கும் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/100, 1/50 வைத்தால் பிரச்சினை தெரியாது. 1/250-க்கு மேல் போனால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது பாதி பச்சை. டி3500-இல் ஸ்டில் படத்துக்கு மினுக்கத்தைத் தவிர்க்கும் வசதி இல்லை. டி7500, டி500, இசட்50-II இவற்றில் உண்டு. மிரர்லெஸ் வாங்கினால் சைலன்ட் ஷட்டர் என்று ஆசைப்பட்டு எலெக்ட்ரானிக் போடாதீர்கள், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஒத்திகை நாளில் போய் 1/100, 1/250, 1/500 மூன்றிலும் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எது தாங்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நீலமும் மெஜந்தாவும் அடிக்கும் மேடை. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீலம் மட்டும் தனியாக வெடித்திருக்கும். முகம் பிளாஸ்டிக் பூசினதுபோல் ஆகிவிடும், ரா-வாலும் மீளாது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் திறந்து வைத்து, எந்த நிறமும் வலது ஓரத்தில் முட்டாதபடி முக்கால் ஸ்டாப் குறையுங்கள். முடிந்தால் விளக்குக்காரரிடம் சொல்லி முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த லென்ஸைவிடவும் அது பெரிய உதவி.

முழுச்சட்டம்:
» பின்வரிசை என்றால்

85 எஃப்/1.8ஜி. அது எஃப்எக்ஸ் (ஃபுல் ஃப்ரேம்) லென்ஸ், டி3500-இலும் ஓடும், நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் போனாலும் கூட வரும். நான் இன்னும் என் கட்சியை விடவில்லை.

ஈரப்பதம்60:
எல்லோரும் என்ன வாங்குவது என்றே பேசுகிறீர்கள். வாக்வா, கியூர்பிப் இரண்டும் மேட்டு நிலம். வாங்கியதை அலமாரியில் தோல்பையோடு வைத்தால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடியில் சிலந்திவலைபோல் நூல் ஓடும். ஈரப்பதம் 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பும். 40 முதல் 50 வரை வைத்திருங்கள். 35-க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், ரப்பரும் கிரீஸும் உலரும்.

செலவு அதிகமில்லை. ரப்பர் வாஷர் வைத்து இறுக மூடும் 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 200-லிருந்து 250 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், தூள் லென்ஸில் ஒட்டக் கூடாது. நிறம் மாறினால் தட்டில் பரப்பி ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கும். சமையல் ஓவனில் அதை வைக்காதீர்கள். லென்ஸ் நாலைந்தைத் தாண்டினால் மின்சார டிரை கேபினட் வாங்கிவிடுவது நிம்மதி.

அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தவிட்டுத்தூள் இடுக்கில் போகும். நாப்தலின் உருண்டை, கற்பூரம் எதுவும் பெட்டிக்குள் கூடவே கூடாது. அந்த ஆவி கண்ணாடிமேல் படலமாகப் படியும். தோல் உறையும் கேன்வாஸ் பையும் பூஞ்சையின் வீடு, அவற்றை வெளியே வையுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் வியர்க்கும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவை ஜிப் பிளாஸ்டிக் பைக்குள் மூடி, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு அரை மணி கழித்துத் திறங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கண்ணாடியில் படியாது.

கடல்: தெற்குக் கரையில் கிரி-கிரி பக்கம் பவளத்திட்டின் தடுப்பு இல்லாததால் அலை நேரே மோதும், உப்புத்தூறல் கரை மேலேயே மிதக்கும். அங்கே மட்டும் யூவி ஃபில்டரை நான் எதிர்க்க மாட்டேன். திரும்பி வந்ததும் முதலில் புளோயர், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம்தான் உலர்ந்த துணி. உப்பு காய்ந்த கண்ணாடியில் உலர்ந்த துணியை வைத்துத் தேய்த்தால் கோட்டிங் கீறிவிடும். ஆர்10-உம் ஆர்எஃப் 100-400-உம் தூறல் தாங்கும் சீல் இல்லாதவை. ஆர்7, டி500, இசட் 180-600 இவற்றுக்குச் சீல் உண்டு. சீல் என்றால் தூறல் தாங்கும், அவ்வளவே.

வாக்வா_வேலன்:
செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கப் போகிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும்?

பழையகண்ணாடி:
ஒரு டார்ச் கொண்டுபோங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி விட்டு முன்பக்கம் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் தெரியும், பயப்பட வேண்டாம். கிளைவிட்டுப் பரவும் வெள்ளை நூல் பூஞ்சை. அதை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்தாலும். பால்போல ஒரே சீராக மங்கல் தெரிந்தால் மூட்டம். அது எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்டைக் கொல்லும். 50 எஃப்/1.8ஜி மாதிரி ஏஎஃப்-எஸ் ஜி வகை லென்ஸ்களுக்குப் பின்பக்கம் சின்ன நெம்பு ஒன்று உண்டு. அதை விரலால் தள்ளி விட்டால் இதழ்கள் சட்டென்று திரும்ப மூட வேண்டும். இழுத்து இழுத்து மூடினாலோ இதழில் எண்ணெய் பளபளத்தாலோ விட்டுவிடுங்கள்.

பிறகு பாடியில் மாட்டி, செங்கல் சுவரையோ ஓட்டுக்கூரையையோ நேருக்கு நேர் முழுத்திறப்பில் எடுங்கள். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் அது லென்ஸின் குணம். ஒரு பக்கம் மட்டும் குழம்பினால் கீழே விழுந்த லென்ஸ். ஜூம் என்றால் இரண்டு முனையிலும் இதைச் செய்யுங்கள். டிஎஸ்எல்ஆரில் 50 எஃப்/1.8-க்கு இன்னொன்றும் வேண்டும்: இரண்டு மீட்டரில் சாய்வாக வைத்த ஸ்கேலை வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். குறிவைத்த கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்தால், டி3500-இல் அதைத் திருத்தும் மெனுவே இல்லை. அடுத்த லென்ஸைத் தேடுங்கள்.

பாடி வாங்கினால், நிக்கானில் ஒரு ஜேபெக் எடுத்து எக்ஸிஃப் (படத்தோடு பதியும் தகவல்) பார்த்தால் ஷட்டர் எண்ணிக்கை தெரியும்; கேனான் அதைப் படத்துக்குள் எழுதுவதில்லை. எஃப்/16-இல் வானத்தை எடுத்தால் சென்சார் அழுக்கு வெளிவரும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15% வாட் உண்டு, பொருளின் விலையோடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. வாரண்டி இங்கே செல்லுமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டையும் கூட்டினால் உள்ளூர்க் கடையின் விலை பல சமயம் அவ்வளவு கொள்ளையாகத் தெரியாது.

வாக்வா_வேலன்:
முடிவு இது. டி3500 இருக்கட்டும். முதலில் 50 எஃப்/1.8ஜி, பெட்டி, ஜெல். அடுத்து 70-300 விஆர். பாடிக்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பறக்கும் பறவையில் ஆசை நிலைத்தால் இசட்50-II-உம் எஃப்டிஇசட்-உம். முழுச்சட்டம் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முழுச்சட்டம்:
கோபம் எதற்கு. 85-ஐ மட்டும் மறக்காதீர்கள்.

காட்டுப்புறா:
வேலன், 70-300 கைக்கு வந்ததும் நேரே பிளாக் ரிவர் போகாமல் முதலில் இல்-ஓ-எக்ரெத் தீவுக்குப் போய் வாருங்கள். புவாந்த் ஜெரோமிலிருந்து படகு, வழிகாட்டி கூடவே வருவார். புறா அங்கே நெருங்கியே உட்காரும், 300-க்கு ஃப்ரேம் நிறையும். மரத்தண்டில் பச்சைப் பகல்பல்லி கிடைக்கும். 70-300 ஒரு மீட்டர் சொச்சத்துக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது, அரை எட்டு பின்வாங்கி எடுங்கள். ஆமையின் முகத்துக்கு 50 போடுங்கள். படகில் போகும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும்.

அமைப்பு: அப்பர்ச்சர் முறை, எஃப்/6.3, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. உச்சம் 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/250, விஆர் ஆன், நடுப்புள்ளி, ரா. புறாவின் மார்பு வெளிறிய நிறம் என்பதால் வெயில் பட்டால் 0.7 குறையுங்கள், நிழலில் அப்படியே விடுங்கள். கெஸ்ட்ரல் கூடு கண்ணில் பட்டால் லென்ஸைத் திருப்பிக்கொள்ளுங்கள். 1974-இல் காட்டில் நாலே நாலு மிஞ்சியிருந்த பறவை அது. செல்போனில் குரல் ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

ஈரப்பதம்60:
படகிலிருந்து இறங்கினதும் துணி. முதலில் ஈரத்துணி.